பேங்குப் பூட்டில் குளவிக்கூடு

என் குடோனுக்கு இரண்டு கதவு, இரண்டு பூட்டு. ரோட்டைப் பார்த்த கதவுக்கு என் பூட்டு. உள்ளே சரக்கு இருக்கிற கதவுக்குப் பேங்குப் பூட்டு. என் பூட்டை நான் பூட்டினதே இல்லை. இரண்டு கதவுக்கும் நடுவில் இருந்த அறையில்தான் குடியிருந்தேன். பூட்டிக்கொண்டு போக வேறு இடம் இல்லை.

பொம்மிடியில் ஸ்டேஷனுக்குப் போகிற ரோடு அது. எண்பதுகளின் நடுவில் நடந்ததைச் சொல்கிறேன். எனக்குப் புளி வியாபாரம். மாசி, பங்குனியில் மலையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் புளி வரும். பொம்பளைகள் உட்கார்ந்து ஓடு உடைத்துக் கொட்டை எடுப்பார்கள். அதைப் பாயில் சுற்றிச் சிப்பமாகக் கட்டி அடுக்குவோம். அப்போதே விற்றால் விலை வராது. ஊரெல்லாம் புளியாகக் கிடக்கும். மழைக்காலம் வரைக்கும் வைத்திருந்தால் ஏறும். அதுவரைக்கும் தாங்கக் கையில் காசு வேண்டும். அதற்குத்தான் பேங்கு.

சாவிக் கடன் என்று பேர். சரக்கை உள்ளே அடுக்கிக் காட்ட வேண்டும். பேங்கு ஆள் எண்ணிப் பார்த்துவிட்டு, கதவைச் சாத்தி, பேங்குப் பூட்டைப் போட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். சரக்கு பேங்குக்கு ஈடு என்று கதவில் ஒரு தகரப் பலகை தொங்கும். விற்கிறபோது பணம் கட்டினால் சாவியோடு வந்து திறந்து விடுவார். சரக்கு என்னுது. கதவும் என்னுது. திறக்க மட்டும் முடியாது.

மாசம் ஒரு தடவை அந்த ஆள் வந்து கதவைத் திறந்து, சரக்கு இருக்கிறதா, கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இன்ஸ்பெக்ஷன். அதற்கு என் கணக்கில் ஒரு தொகை பிடித்துக்கொள்வார்கள். அவர் பஸ் செலவும் அதில் சேர்த்தி. எழுதிக் கையெழுத்துப் போட்டதுதான். அதில் எனக்குக் குறை இல்லை.

பேங்கு அரூரில் இருந்தது. சாவி கொண்டு வருகிறவருக்கு ஐம்பது வயசு தாண்டியிருக்கும். தோளில் காக்கிப் பை. பைக்குள் சாவிக் கொத்து. அவர் நடந்து வருவது ஸ்டேஷன் பக்கமிருந்தே கேட்கும். சாவிச் சத்தம் முன்னால் வரும், பேச்சுச் சத்தம் பின்னால் வரும். நல்ல வாயாடி. நான் அவரை சார் என்பேன். என் பெண்சாதி அண்ணா என்பாள்.

அவள் இருந்தபோது குடோனுக்கு இரண்டு தெரு தள்ளி வாடகை வூடு. அவர் வருகிற நாள் தெரிந்தால் அவள் காலையிலேயே குடோனுக்கு வந்துவிடுவாள். பம்ப் ஸ்டவ்வில் டீ போடுவாள். சரக்குப் பார்க்க ஆகிறது கொஞ்ச நேரம். அவர்கள் பேசுவது அதைப்போல நாலு மடங்கு.

"தங்கச்சி, உன் வூட்டுக்காரர் வாய்க்கும் பூட்டுப் போட்டிருக்காரே. அந்தச் சாவி என் கொத்துல இருக்குதான்னு பாரு."

"எந்த பேங்குலயும் இல்லீங்கண்ணா. இருவது வருசமா நானும் தேடறேன்."

"அதுக்கு இன்ஸ்பெக்ஷன் சார்ஜு போடறதா?"

"போடுங்க. அவரே கட்டட்டும்."

நான் சிரிப்பேன். அவ்வளவுதான். எனக்குப் பேச வராது. அவர்கள் பேசினால் போதும் என்று இருக்கும்.

நான் சொல்கிற வருசத்துக்கு முந்தின கார்த்திகையில் அவள் காய்ச்சல் என்று படுத்தாள். தர்மபுரிக்குக் கொண்டுபோனேன். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். திரும்பி வரும்போது வாடகை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தேன்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் போனார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வூட்டைக் காலி பண்ணிவிட்டு, கட்டிலையும் ஸ்டவ்வையும் நாலு பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு குடோன் அறைக்கு வந்துவிட்டேன். வூட்டில் நடந்தால் எதிரொலி கேட்டது. குடோனில் கேட்காது. புளி எல்லாச் சத்தத்தையும் உறிஞ்சிக்கொள்ளும்.

அந்த வருசம் நல்ல காய்ப்பு. சித்திரையில் சரக்கு அடுக்கினேன். வைகாசியில் சாவிக்காரர் வந்தார். எண்ணினார், பூட்டினார். அவள் போனபின் அவர் வந்தது அதுதான் முதல் தடவை. கட்டிலில் உட்கார்ந்தார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

"வெயிலு அதிகம் இந்த வருசம்" என்றார்.

"ஆமாங்க" என்றேன்.

"மழை வந்துரும்."

"வரணும்ங்க."

பாதி டம்ளர் குடித்தார். ஸ்டவ் இருக்கிற மூலையைப் பார்த்தார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்தார். பஸ்ஸுக்கு நேரம் நிறைய இருந்தது.

ஆனி பிறந்ததும் இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். எதிரே டீக்கடை வைத்திருந்த அம்மாவிடம் வர்க்கி வாங்கி வைத்தேன். அவர் வரவில்லை. வூட்டில் ஏதாவது விசேஷமோ, உடம்புக்கு முடியலையோ என்று நினைத்துக்கொண்டேன். வர்க்கி நமத்துப்போனது. ஆடியிலும் வரவில்லை. ஆவணியிலும் வரவில்லை. ஒவ்வொரு மாசமும் டம்ளர் கழுவி வைத்தேன். அது ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது.

அவர் வரவில்லை. குளவி வந்தது.

ஆனியில் ஒரு நாள் மத்தியானம். கட்டிலில் சாய்ந்திருந்தேன். வாசல் வழியாக வந்து நேராக பேங்குப் பூட்டில் உட்கார்ந்தது. போனது. வாயில் ஈரமண் உருண்டையோடு வந்தது. பூட்டின் முகத்தில், சாவி போடுகிற ஓட்டையின்மேல் வைத்துப் பூசியது. பூசும்போது ரீங் என்று ஒரு சத்தம். அந்த அறையில் என்னைத் தவிர ஒன்று சத்தம் போட்டுப் பல நாள் ஆகியிருந்தது. பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். சாயங்காலத்துக்குள் ஒரு சின்னக் கலயம் மாதிரி கட்டிவிட்டது. அப்புறம் பச்சைப்புழுவைத் தூக்கிவந்து உள்ளே திணித்தது. வாயை மூடிவிட்டுப் போய்விட்டது.

வூட்டில் குளவி கூடு கட்டினால் அங்கே பிள்ளை பிறக்கும் என்பார்கள். எங்கள் பக்கம் யாரும் குளவிக்கூட்டை உடைக்கமாட்டார்கள். பழைய வூட்டுச் சுவரில் வருசத்துக்கு ஒரு கூடாவது இருக்கும். வெள்ளை அடிக்க வந்தவன் கையைப் பிடித்து, சுத்தி அடிப்பா, அதுமேல அடிக்காதே என்பாள் அவள். கடைசிவரைக்கும் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். சுவரெல்லாம் வெள்ளை, நடுவில் நடுவில் மண்திட்டு. அதனால் நானும் பூட்டில் கை வைக்கவில்லை.

டீக்கடை அம்மா ஒருநாள் பாக்கி வாங்க வந்தவர் பூட்டைப் பார்த்துவிட்டார்.

"அட, குளவி கட்டியிருக்குதே! அப்ப அண்ணா வூட்டுல..."

என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பாக்கி அப்புறமா வாங்கிக்கறேன்" என்று போய்விட்டார்.

புரட்டாசியில் விலை ஏற ஆரம்பித்தது. சேலத்து வியாபாரி ஒருவர் வந்து விலை பேசி முன்பணம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை லாரி அனுப்புகிறேன் என்றார். அந்தப் பணத்தைக் கட்ட அரூர் போனேன். கட்டிவிட்டுப் பாஸ்புக்கில் வரவு வைக்கச் சொன்னேன். பதிந்து கொடுத்தார்கள். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவன். மெதுவாகப் படிப்பேன். பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஆனிக்குப் பிடித்திருந்தார்கள். ஆடிக்கும் பிடித்திருந்தார்கள். ஆவணிக்கும்.

கவுண்டரில் இருந்த பையனிடம் கேட்டேன்.

"இன்ஸ்பெக்ஷன் சார்ஜு, பெரியவரே. மாசாமாசம் ஆள் வந்து பாக்கறாரில்ல?"

"வைகாசிக்கு அப்புறம் யாரும் வரலீங்க."

அவன் உள்ளே கையைக் காட்டினான். மேனேஜர் புதுசு. தெற்கத்திக்காரர், சின்ன வயசு. உட்காரச் சொன்னார். ஒரு ரிஜிஸ்டரை வரவழைத்துப் புரட்டினார்.

"மூணு மாசமும் வந்திருக்காரே. சரக்கு சரியா இருந்ததுன்னு எழுதியிருக்கார். 'குடோன்காரர் இல்லை'ன்னும் எழுதியிருக்கார்."

"என்னன்னு எழுதியிருக்குதுங்க?"

"குடோன்காரர் இல்லை. அதாவது, அவர் வந்த நேரத்துல நீங்க அங்க இல்ல."

பிடித்த பணம் பெரிய பணம் இல்லை. போனால் போகிறது என்று பஸ் ஏறியிருப்பேன். நான் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அதுவும் மூன்று தடவை.

"நான் இருந்தேனுங்க" என்றேன்.

"எப்பவுமேவா? சந்தைக்கு, கடைக்குப் போயிருப்பீங்க. வாசல் கதவைப் பூட்டுவீங்களா?"

"பூட்டறதில்லீங்க."

"அப்ப அவர் வந்து பாத்துட்டுப் போயிருக்கலாமில்ல?"

"பூட்டுல குளவி கூடு கட்டியிருக்குதுங்க. சாவி போடற ஓட்டைமேல. ஆனியில கட்டினது. சாவி உள்ள போகாது."

வெளியே நின்றிருந்த கவுண்டர் பையன் காதில் விழுந்துவிட்டது.

"சார், குளவியைக் கூப்பிட்டு சாட்சிக் கையெழுத்து வாங்கிருவோமா?"

எல்லாரும் சிரித்தார்கள். மேனேஜரும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"வராததுக்குப் பிடிச்ச பணம் திரும்பி வரணும்ங்க. நான் இல்லேன்னு எழுதினதை அடிக்கணும்."

"எழுதிக் குடுங்க."

பேப்பர் கொடுத்தார். பேனாவும் கொடுத்தார். எனக்குக் கோர்வையாக எழுத வராது. 'ஆள் வரவில்லை. நான் இருந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். வேறெதுவும் இல்லையா என்பதுபோலத் திருப்பிப் பார்த்தார்.

"வெள்ளிக்கிழமை லாரிக்குத் திறக்கணும்ல. நானும் கூட வரேன். கூட்டைப் பாக்கறேன். இருந்தா பணம் உங்களுக்கு. அதுவரைக்கும் அது அப்படியே இருக்கணும்."

"இருக்கும்ங்க."

சாவிக்காரர் அன்றைக்கு பேங்கில் இல்லை. கடத்தூர் பக்கம் போயிருக்கிறார் என்றார்கள்.

குடோனுக்குத் திரும்பினதிலிருந்து பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய கூட்டில் ஓட்டை விழுந்திருந்தது. அதிலிருந்தது பறந்துபோய்விட்டது. அதை ஒட்டினாற்போல புரட்டாசி பிறந்து இன்னொரு கூடு கட்டியிருந்தது. அது மூடியே இருந்தது. ஒரு காக்காய் உள்ளே வந்தால்கூட எழுந்து துரத்தினேன். மண்தானே. ஒரு தட்டுத் தட்டினால் உதிர்ந்துவிடும். அப்புறம் என் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் சாவிச் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம் கேட்கவில்லை.

சாவிக்காரர் தனியாக வந்தார். வாசற்படியில் நின்றார். இளைத்திருந்தார்.

"என்னங்க மண்டிக்காரரே, இப்படிப் பண்ணிட்டீங்க?"

"உக்காருங்க சார்."

உட்காரவில்லை.

"அந்தச் சில்லறைதான் உங்களுக்குப் பெருசாப் போச்சா? எனக்கு இன்னும் ரெண்டு வருசம் சர்வீசு இருக்குது. இதை மேல எழுதினா என் கதி என்ன? பொண்ணு தலைப்பிரசவத்துக்கு வந்து வூட்டுல கெடக்கறா."

"நான் இல்லேன்னு எழுதியிருக்கீங்க."

"எழுதினேன். என்ன இப்போ?"

"நான் எங்க போவேன் சார்?"

அவர் பையை இறக்கிப் படியில் வைத்தார். அவரும் படியிலேயே உட்கார்ந்தார். ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"வந்தேங்க. ஆனியில வந்தேன். அந்த டீக்கடை வரைக்கும் வந்துட்டேன். உங்க கதவு தொறந்திருந்துது. நீங்க கட்டில்ல உக்காந்திருந்தீங்க. செவுத்தைப் பாத்துக்கிட்டு. பக்கத்துல ரெண்டு டம்ளர் கவுத்து வெச்சிருந்தீங்க."

நான் டம்ளர்களைப் பார்த்தேன்.

"எனக்கு உள்ள வர மனசு வரலீங்க. தங்கச்சி இல்லாத எடத்துல உங்ககூட உக்காந்து என்னத்தப் பேசறது? நீங்களும் வாயைத் தொறக்க மாட்டீங்க. அடுத்த பஸ் வரைக்கும் ஸ்டேஷன்ல உக்காந்திருந்துட்டுப் போயிட்டேன். அப்புறம் ஆடியில பஸ்ஸே ஏறல."

"பேச வேண்டியதில்லீங்க" என்றேன். "கதவைப் பாத்துட்டுப் போயிருக்கலாம்."

ஒரு கூட்ஸ் வண்டி போனது. நீளமான வண்டி. அது போய் முடிகிற வரைக்கும் அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் பையிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார்.

"நாளைக்குத் தொறக்கறதுக்காக இன்னிக்கே சாவி வாங்கிட்டு வந்தேன். இப்பவே தொறந்து வெச்சுட்டா?"

அவர் என்ன கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சாவியை உள்ளே விட்டால் கூடு போச்சு. கூடு போனால் நாளைக்கு மேனேஜர் பார்க்க ஒன்றும் இருக்காது. தடுக்கலாம் என்று தோன்றியது. எப்படித் தடுப்பது? பூட்டு பேங்குது. சாவி அவர் கையில். என்னைவிட மூத்தவர். அவளுக்கு அண்ணன் முறை கொண்டாடினவர்.

"தொறங்க" என்று எழுந்து கட்டிலை நகர்த்தினேன்.

அவர் போய்ப் பூட்டைக் கையில் எடுத்தார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் குனிந்தே நின்றார்.

"இது ஓட்டையாயிருக்குது. இது..."

"அது மூடியிருக்குதுங்க. இந்த மாசம் கட்டினது."

சாவியைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. அப்புறம் பூட்டை, சத்தம் வராமல், மெதுவாகக் கதவின்மேல் விட்டார். தூங்குகிற பிள்ளையைக் கீழே விடுகிற மாதிரி விட்டார்.

"இந்த வாரம் இல்லேன்னா அடுத்த வாரம்னு சொல்லியிருக்காங்க டாக்டரம்மா" என்றார். "எனக்குக் கை வரலீங்க."

டீ போட்டேன். நின்றபடியே குடித்தார். இரண்டு டம்ளர் கழுவ வேண்டியிருந்தது அன்றைக்கு.

வெள்ளிக்கிழமை காலையில் லாரி வந்தது. மூட்டை தூக்குகிற ஆட்கள் வந்தார்கள். மேனேஜரும் சாவிக்காரரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். டீக்கடை அம்மா கடையை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்றார். அவ்வளவு பேரை ஒரே இடத்தில் நான் காரியத்துக்கு அப்புறம் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சாவிக்காரர் சொல்லிவிட்டார்.

"சார், நான் மூணு மாசமா தொறக்கல. அவரு இங்கதான் இருந்தாரு. நான்தான் உள்ள வரல. கூட்டைப் பாருங்க."

மேனேஜர் பார்த்தார். நிமிர்ந்தார். யாரைப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் லாரியைப் பார்த்தார்.

"சரி. பணம் உங்க கணக்குல வந்துரும். எழுதினதையும் அடிச்சுடறேன். இப்ப அதை உடைச்சுட்டுத் தொறங்க. லாரி நிக்குது."

யாரும் அசையவில்லை.

"தொறங்க சார்" என்றார் சாவிக்காரரிடம்.

"எம் பொண்ணு மாசமா இருக்கா சார்."

மூட்டை தூக்குகிற ஆளைப் பார்த்தார். அவன் தலைத்துண்டை அவிழ்த்துக் கட்டினான். "நம்மளால ஆகாதுங்க. நமக்கு மருமவளுக்கு மூணு மாசம்." லாரி டிரைவர் கேட்காமலேயே, "என்னைப் பாக்காதீங்க சார், எம் பொஞ்சாதி போனமாசம்தான் முழுவாம இருக்கான்னு சொன்னா" என்றான்.

"அட, என்னய்யா இது. சாவியைக் குடுங்க" என்று மேனேஜரே வாங்கினார். பூட்டுப் பக்கம் போனார்.

"சாருக்குக் கல்யாணம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார் டீக்கடை அம்மா.

"ஆவணியிலதான் ஆச்சு."

"ம்" என்றார் அந்த அம்மா.

மேனேஜர் சாவியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். மூட்டை தூக்குகிறவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்துவிட்டார். "எங்க அம்மாவும் உடைக்க விடமாட்டாங்க" என்றார்.

"அப்ப யாருதான் தொறக்கறது?" என்றான் டிரைவர். "வூட்டுல யாரும் இல்லாத ஆளா ஒருத்தரைப் பாருங்க."

சொன்னதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தார்கள். டிரைவருக்கு விஷயம் தெரியாது. அவன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். டீக்கடை அம்மா அவன் கையில் கிள்ளினார்.

நியாயம்தான். அங்கே இருந்தவர்களில் நான் உடைத்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. எனக்கும் ஆகாது. மேனேஜர் கூட்டைப் பார்த்தாகிவிட்டது. பணமும் வந்துவிடும் என்று சொல்லிவிட்டார். எனக்கு அந்தக் கூட்டால் இனிமேல் ஒரு உபயோகமும் இல்லை.

"வேணாங்க" என்றார் சாவிக்காரர் மெதுவாக. என்னிடம்தான் சொன்னார்.

நான் கட்டிலுக்கு அடியிலிருந்து கடப்பாரையை எடுத்தேன். பூட்டு மாட்டியிருந்த இரும்புக் கொண்டி கதவு நிலையில் அறைந்திருந்தது. அதன் பக்கத்தில் கடப்பாரையை விட்டு நெம்பினேன். நல்ல வேப்பமர நிலை. அவ்வளவு சீக்கிரம் விடவில்லை. மரம் பிளந்து கொண்டி வெளியே வந்தது. பூட்டும் கூடும் அலுங்காமல் அதோடு வந்தன. மேனேஜர் "ஏய், ஏய்" என்றார்.

"கதவு என்னுதுங்க" என்றேன்.

பூட்டைச் சுவர் ஆணியில் மாட்டினேன். கதவு திறந்தது. அஞ்சு மாசத்துப் புளி வாசனை அறை முழுக்க வந்தது. எல்லாருக்கும் வாயில் எச்சில் ஊறிவிட்டது. சிப்பம் ஏற ஆரம்பித்தது. சாவிக்காரர் எண்ணினார். சத்தமாக எண்ணினார், பழைய மாதிரி.

போகும்போது மேனேஜர் சுவரில் இருந்த பூட்டைக் காட்டி, "அது பேங்கு சொத்து" என்றார். கொஞ்சம் யோசித்தார். "அது பறந்துபோன பிறகு கொண்டுவந்து குடுங்க." மிச்சச் சரக்குக்குப் புதுக் கொண்டி அடித்து வேறு பூட்டுப் போட்டார்கள். நிலை பிளந்த இடத்தை நான் சரி பண்ணவில்லை. இன்னமும் அப்படியேதான் இருக்கிறது.

பணம் வந்தது. ரிஜிஸ்டரில் அந்த மூன்று வரியையும் சிவப்பு மையால் அடித்ததைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். சாவிக்காரர் மேல் எதுவும் எழுதவில்லை என்று கேள்விப்பட்டேன். நானும் அதைக் கேட்கவில்லை. அவரை அதற்கப்புறம் குடோன் வேலைக்கு அனுப்பவில்லை. உள்ளேயே உட்காரவைத்துவிட்டார்கள்.

ஐப்பசி முதல் வாரத்தில் மூடியிருந்த கூட்டிலும் ஓட்டை விழுந்தது. அது வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. தண்ணி எடுக்கப் போயிருந்த நேரமாக இருக்கும். அந்த நேரத்தில் நான் இல்லை. பூட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு அரூர் போனேன். சாவிக்காரர் இடம் காலியாக இருந்தது. லீவு என்றான் கவுண்டர் பையன். பேத்தி பிறந்திருக்கிறதாம், தாயும் பிள்ளையும் நல்லபடி. பூட்டை அவனிடம் கொடுத்தேன். அவன் மேஜை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினான். மண் உதிர்ந்தது. அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

மேனேஜர் உள்ளே கூப்பிட்டார்.

"உங்களுக்கு இனிமே அந்தத் தொல்லை இல்லீங்க. உங்க குடோனுக்கு மாசாமாசம் ஆள் வேணாம்னு எழுதி வாங்கிட்டேன். சரக்கு எடுக்கறப்ப மட்டும் வருவாங்க. சார்ஜும் கிடையாது."

சந்தோசப்படுவேன் என்று நினைத்திருக்கிறார். சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். நான்தானே கேட்டேன்.

மிச்சச் சரக்கும் அந்த மாசமே போய்விட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க யாரும் வரவில்லை. மாசம் பிறந்தால் கை தன்னால் இரண்டு டம்ளரைக் கழுவும். ஒன்றைத் திரும்ப எடுத்து உள்ளே வைப்பேன். வாசலில் சாவிச் சத்தம் மாதிரி கேட்டால் திரும்பிப் பார்ப்பேன். எதிர்க்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தமாக இருக்கும்.

சித்திரையில் மறுபடி சரக்கு அடுக்கினேன். கடன் பேப்பரில் கையெழுத்துப் போட அரூர் போனேன். மேனேஜர் காட்டின இடத்திலெல்லாம் போட்டேன். கடைசிப் பக்கத்தில் இன்ஸ்பெக்ஷன் என்ற இடத்தில் கோடு போட்டு அடித்திருந்தது.

"இதை அடிக்க வேணாங்க" என்றேன்.

"எதை?"

"மாசாமாசம் ஆள் வரட்டும். சார்ஜு பிடிச்சுக்குங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "போன வருசம் இதுக்குத்தானே சண்டை போட்டீங்க?"

"வராததுக்குத்தான் போட்டேனுங்க."

அவர் பேனாவைத் திரும்ப எடுத்தார். அடித்த இடத்துக்கு மேலே மறுபடி எழுதிச் சின்னக் கையெழுத்துப் போட்டார். என்னையும் போடச் சொன்னார். போட்டேன்.

வைகாசியில் ஒரு ஆள் வந்தான். புதுசு, சின்னப் பையன், பேன்ட் போட்டவன். சாவியைப் பாக்கெட்டிலிருந்து எடுத்தான். திறந்தான், எண்ணினான், பூட்டினான். கட்டிலில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தான். டீ கொடுத்தேன்.

"வெயிலு அதிகம் இந்த வருசம்" என்றேன்.

"ஆமாங்க" என்றான்.

வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் டீயைக் குடித்து முடிக்கிற வரைக்கும் யோசித்தேன். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தான். வாசல் வரைக்கும் கூடவே போனேன்.

"அடுத்த மாசம் எப்ப வருவீங்க தம்பி?" என்று கேட்டேன்.